வெள்ளை அடித்த மண் சுவரைத் துடைக்காதீர்கள்

போன ஐப்பசியில் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்து எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கியது. காவலூர் வானாய்வகத்தைப் பார்க்க மலையேறி வந்தவர்கள். வானம் மூடிக்கொண்டதால் நட்சத்திரம் ஒன்றும் பார்க்கவில்லை. எங்கள் வீட்டைத்தான் நன்றாகப் பார்த்தார்கள்.

இரண்டாம் நாள் காலை, அவர்களுடைய நாலு வயசுப் பாப்பா திண்ணைச் சுவரில் கலர் மெழுகுக் குச்சியால் ஒரு யானை வரைந்துவிட்டது. அந்தத் தங்கச்சிக்கு ஒரே கூச்சம். எங்களுக்குத் தெரிவதற்குள் சரிபண்ணிவிட வேண்டும் என்று ஈரத்துணியும் பாத்திரம் கழுவுகிற சோப்பும் எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். யானை போய்விட்டது, கூடவே வெள்ளையும் போய்விட்டது. உள்ளே இருந்த செம்மண் கரைந்து வழிய, அதையும் துடைக்க, கறை ஒரு முழத்துக்குப் பெரிதாகிவிட்டது.

"அண்ணா, துடைக்கத் துடைக்க அழுக்கு பெருசாயிட்டே போகுது" என்றார், அழாத குறையாக.

எங்கள் வீட்டம்மா சிரித்துவிட்டு, "விடும்மா, பொங்கலுக்கு எப்படியும் அடிக்கத்தானே போறோம்" என்றார்.

இந்த ஒரு வார்த்தையில்தான் மண் சுவர்ப் பராமரிப்பு மொத்தமும் இருக்கிறது. நகரத்துச் சுவரைத் துடைத்துச் சுத்தம் பண்ணுவீர்கள். எங்கள் சுவரைத் துடைக்க முடியாது, வருஷத்துக்கு ஒரு தடவை புதுசாக்கத்தான் முடியும். இது தெரியாமல் மண் வீட்டை ரசிக்கிறவர்களும் இருக்கிறார்கள், இடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ரெண்டு பேரிடமும் எனக்குக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் சுவர் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தாத்தா காலத்துச் சுவர் இது. கனம் ஒன்றரை அடி. நிலத்துச் செம்மண்ணில் நறுக்கின வைக்கோலைப் போட்டு, தண்ணீர் விட்டு, காலால் மிதித்துப் புளிக்கவிட்டு, உருண்டை உருண்டையாக வைத்து ஏற்றியது. ஒரு நாளைக்கு ஒரு முழத்துக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். கீழே இருப்பது காய்ந்து இறுகினால்தான் மேலே அடுத்தது. அடியில் இரண்டடிக்குக் கல் கட்டு. மேலே நாட்டு ஓடு. சுவர் மேல் மெல்லிய மண் பூச்சு, அதற்கும் மேல் சுண்ணாம்பு. அவ்வளவுதான். மண்ணுக்கும் மழைக்கும் நடுவில் இருப்பது அந்தச் சுண்ணாம்புத் தோல் ஒன்றுதான். அது ஒரு தாள் கனம்கூட இருக்காது.

இந்தத் தோல் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். சுண்ணாம்புக் கல்லை ஏறக்குறைய 900 டிகிரி சூட்டில் சுட்டால் அதிலிருக்கிற கரியமில வாயு வெளியே போய்விடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதைத் தண்ணீரில் போட்டால் கொதித்து நீறிவிடும். அந்தப் பாலைச் சுவரில் அடித்தால், காற்றில் இருக்கிற கரியமில வாயுவை மெதுவாகத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிவிடும். ஆக, சுண்ணாம்பு அடிப்பது என்றால் சுவர் மேல் ஒரு மெல்லிய கல்லை வளர்ப்பது. அது ஒரே நாளில் வளராது. பல நாள் ஆகும், லேசான ஈரமும் வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் ஈரம் போய்விடும், கல்லாவதற்கு முன்னால் பொடியாகிவிடும். சுவரில் சாய்ந்தால் சட்டை முதுகெல்லாம் வெள்ளையாகும். "உங்க சுவர் ஒட்டுதே" என்று யாராவது சொன்னால், அந்தத் தடவை நாங்கள் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

இன்னொரு விஷயம், அந்தக் கல் தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. வெளியே வழிகிற மழைத்தண்ணீரை ஓரளவுக்குத் தாங்கும், உள்ளே இருக்கிற ஈரத்தை ஆவியாக வெளியே விடும். நகரத்தில் இதை 'சுவாசிக்கும் சுவர்' என்று எழுதுகிறார்கள். நான் வேர்க்கிற சுவர் என்றுதான் சொல்வேன். மண் சுவர் தரையிலிருந்து தண்ணீர் குடிக்கும். குடித்ததை வேர்த்து வெளியே தள்ளும். வேர்க்க விடாமல் தடுத்தால் உடம்புக்கு வருகிற கேடுதான் சுவருக்கும் வரும்.

நான் தடுத்தேன். அந்தக் கதையைச் சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

2017-ல் எங்கள் சமையல்கட்டின் பின்பக்கச் சுவர், கீழே மூணடி உயரத்துக்கு உதிர ஆரம்பித்தது. கூரைத் தண்ணீர் விழுந்து தெறிக்கிற இடம் அது. வருஷா வருஷம் மண் வைத்துப் பூசுவதற்கு அலுப்பாக இருந்தது. கீழே இருந்து வந்த ஒரு மேஸ்திரி, "சிமெண்ட் பூசிடுங்க, ஜென்மத்துக்கும் கவலை இல்ல" என்றார். பூசினோம். மேலே எமல்ஷன் பெயிண்டும் அடித்தோம். பார்க்க டவுன் வீடு மாதிரி இருந்தது. ஈரத்துணியால் துடைக்கலாம். வீட்டம்மாவுக்கும் சந்தோஷம், எனக்கும் ஒரு வேலை மிச்சம்.

முதல் இரண்டு வருஷம் ஒன்றும் இல்லை. மூணாவது வருஷம் சிமெண்ட் முடிகிற இடத்துக்கு மேலே ஒரு கோடு மாதிரி உப்பு பூத்தது. கீழே வழி அடைபட்டதால் ஈரம் மேலேறி அங்கே வெளியே வருகிறது என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. விரலால் தட்டினால் பொத்தல் சத்தம் கேட்டது. மண் வெயிலுக்குச் சுருங்கும், மழைக்கு ஊதும். சிமெண்ட் அப்படி வளைந்து கொடுக்காது. இரண்டும் சேர்ந்து வாழ முடியாமல் நடுவில் பிரிந்துவிட்டது. அந்த இடைவெளியில் எலி குடும்பம் நடத்தியது.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கடலுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்தோம். மழை இங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. டிசம்பர் 1-ஆம் தேதி சாயங்காலம் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து ஒரே வீட்டில் 7 பேர் போய்விட்டார்கள். அதே மழையில்தான் எங்கள் சமையல்கட்டுச் சுவரும் உட்கார்ந்தது. சாயக்கூட இல்லை, உட்கார்ந்தது. சிமெண்ட் பலகை மட்டும் நின்றபடி இருக்க, உள்ளே இருந்த மண் களியாகிக் கீழே இறங்கிவிட்டது. ஒரு நிமிஷம் கழித்து ஓடும் மேலே இருந்த சுவரும் அதன் மேல் விழுந்தன.

அந்தச் சுவர் ஓரமாகத்தான் எங்கள் அம்மா கட்டில் போட்டுப் படுப்பார். அடுப்புச் சூடு இருக்கும் என்று. அன்றைக்கு ஒழுகுகிறது என்று சொல்லி முன்கட்டுக்கு மாறிப் படுத்திருந்தார். அவ்வளவுதான். என் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை அதில், ஓடு ஒன்று நகர்ந்திருந்ததுதான் காரணம்.

விடிந்ததும் பார்த்தேன். தாத்தா கட்டி, சிமெண்ட் படாமல் வருஷா வருஷம் வெறும் சுண்ணாம்பு மட்டும் அடித்திருந்த மற்ற மூணு பக்கச் சுவரும் நின்றிருந்தன. நனைந்து கறுத்திருந்தன, அங்கங்கே பூச்சு கழன்றிருந்தது. இரண்டு வாரத்தில் காய்ந்துவிட்டன.

இதை வைத்து 'மண் சுவர் பத்திரம், சிமெண்ட் ஆபத்து' என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் மண் சுவர் இடிந்து ஆள் இறந்த செய்தி பேப்பரில் வந்துகொண்டுதான் இருக்கிறது. அவற்றில் நிறைய, கூரை ஒழுகியும் அடி அரித்தும் கவனிக்க ஆளில்லாமல் விடப்பட்ட சுவர்களாக இருக்கும் என்பது என் ஊகம். மண் சுவர் என்பது பால் மாடு மாதிரி. தினமும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். பார்க்க முடியாதவர்கள் அதை வைத்துக்கொள்ளவே கூடாது.

பார்க்க முடிகிறவர்களுக்கு, எங்கள் வீட்டில் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். ஊரில் பூர்வீக வீடு பூட்டிக்கிடக்க, நீங்கள் பொங்கலுக்கு மட்டும் போகிறவராக இருந்தால் உங்களுக்கும் பயன்படும்.

பொங்கலுக்கு வெள்ளை அடிப்பது சாமிக்காக மட்டும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, மார்கழியில் சுவர் காய்ந்திருக்கும். சாமை அறுவடை முடிந்து கை ஓய்வாக இருக்கும். மலையில் வெயில் உறைக்காது, காற்றில் ஈரம் இருக்கும். சுண்ணாம்பு மெதுவாகக் கல்லாவதற்கு இதைவிட நல்ல காலம் வருஷத்தில் கிடையாது. முன்னோர் வேதியியல் படித்தார்களா தெரியாது, காலண்டரைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள்.

முதல் வேலை சுவரைச் சுற்றி நடப்பது. கையில் ஒரு சின்னக் குச்சி போதும். தட்டிக்கொண்டே போனால் எங்கே பூச்சு விட்டிருக்கிறது என்று சத்தமே சொல்லும். கறையான் கோடு இருக்கிறதா, எலி வளை இருக்கிறதா, குளவி கூடு கட்டியிருக்கிறதா, ஓடு நகர்ந்திருக்கிறதா, கூரைத் தண்ணீர் சுவரை விட்டுத் தள்ளி விழுகிறதா. சுவர் கெடுவது பெரும்பாலும் மேலே கூரையிலும் கீழே அடியிலும்தான். நடுச்சுவரை யாரும் பார்க்காவிட்டாலும் அது பாட்டுக்கு இருக்கும்.

அடுத்தது சுத்தம் பண்ணுவது. தண்ணீரே கூடாது. ஒட்டடைக்கோலால் மேலே தட்டிவிட்டு, பழைய மெத்துத் தொடப்பத்தால் மேலிருந்து கீழாக ஒரே வாக்கில் தூசியைத் தள்ள வேண்டும். உதிர்கிற பழைய சுண்ணாம்பு உதிரட்டும், அதைக் காப்பாற்ற நினைக்கக் கூடாது. அதன் மேல் புதுசு அடித்தால் இரண்டும் சேர்ந்து செதிலாகக் கழன்றுவிடும். உப்பு பூத்திருந்தால் காய்ந்த தொடப்பத்தால் பெருக்கி வாரி வெளியே கொட்ட வேண்டும். கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேயே போகும், அடுத்த மாசம் இன்னும் அதிகமாகப் பூக்கும். பூஞ்சை பிடித்த பச்சைக் கறையையும் அப்படியே காயவிட்டுத் துடைப்பத்தால் தேய்த்தால் போதும். மிச்சத்தைச் சுண்ணாம்பின் காரம் பார்த்துக்கொள்ளும்.

அடுப்புப் புகை படிந்த சுவர்தான் கொஞ்சம் வம்பு. நேராகச் சுண்ணாம்பு அடித்தால் இரண்டு நாளில் பழுப்புக் கறை மேலே வந்து நிற்கும். கரியைச் சுரண்டிவிட்டு, சலித்த செம்மண்ணைக் குழம்பாகக் கரைத்து ஒரு கை பூசிக் காயவிட்டு, அதற்கு மேல் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். எண்ணெய்த் தலை சாய்ந்து சாய்ந்து கறுத்த இடமும் அப்படித்தான். எண்ணெய் மேல் சுண்ணாம்பு நிற்காது. அந்த இடத்தை மேலாகச் செதுக்கி எடுத்துவிட்டு மண் வைக்க வேண்டும். பாப்பா வரைந்த யானைக்கும் இதுதான் வைத்தியம். அவசரம் இல்லை, பொங்கல் வரைக்கும் யானை இருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

விட்ட இடத்தில் ஒட்டுப்போட அதே மண்ணைத்தான் எடுக்க வேண்டும். மண்ணும் நறுக்கின வைக்கோலும் கொஞ்சம் சாணமும் சேர்த்து இரண்டு மூணு நாள் புளிக்கவிடுவோம். கடுக்காய் இங்கே காட்டில் கிடைக்கிறது, அதை இடித்து ஊறவைத்த தண்ணீரை ஊற்றிப் பிசைவதும் உண்டு. பழைய சுவரில் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு அப்பினால் பிடித்துக்கொள்ளும். காய்ந்த சுவரில் அப்பினால் காய்ந்ததும் தட்டு மாதிரி கழன்று விழும். வெடிப்பு விட்டால் பயப்பட வேண்டாம், இரண்டாவது கை மெல்லிசாகப் பூசினால் அடைபட்டுவிடும். நன்றாகக் காயும் வரை சுண்ணாம்பு அடிக்கக் கூடாது.

இனி சுண்ணாம்பு. நான் போளூரில் கல்லாக வாங்கி வருகிறேன். பாக்கெட்டில் வருகிற தூளிலும் அடிக்கலாம், ஆனால் ரொம்ப நாள் கடையில் கிடந்த தூள் காற்றுப் பட்டே பாதி செத்திருக்கும், சுவரில் பிடிக்காது. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு ஏறக்குறைய 5 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு. தண்ணீரில்தான் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பு மேல் தண்ணீரை ஊற்றினால் சீறி மூஞ்சியில் அடிக்கும். பிளாஸ்டிக் பக்கெட் உருகிவிடும், இரும்பு டிரம் அல்லது மண் தொட்டி வேண்டும். குழந்தைகளைப் பக்கத்தில் விடவே கூடாது. கண்ணில் தெறித்தால் தேய்க்காமல், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதில் வீரம் காட்டி ஒற்றைக் கண் போனவர்கள் உண்டு.

ஒரு நாளாவது ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, அரிசிக் கஞ்சியோ வஜ்ஜிரமோ கொஞ்சம் சேர்த்தால் நன்றாக ஒட்டும். வெள்ளை பளிச்சென்று இருக்கக் கொஞ்சம் நீலம். சிலர் உப்பும் போடுகிறார்கள், மண் சுவருக்கு நான் போடுவதில்லை. பதம் என்னவென்றால் பால். தயிர் பதத்துக்கு அடித்தால் ஒரே தடவையில் வெள்ளையாகத் தெரியும், இரண்டே மாதத்தில் செதில் செதிலாக விழும். சுவரை முதலில் லேசாக நனைத்துவிட்டு, நார் மட்டையால் மெல்லிசாக ஒரு கை, மறுநாள் இன்னொரு கை, தேவைப்பட்டால் மூணாவது. அடிக்கும்போது தண்ணீர் மாதிரி தெரியும், 'இது பத்தாது' என்று கை பரபரக்கும். பொறுத்திருந்தால் காயக் காய வெளுக்கும். அடியில் ஒரு முழத்துக்குக் காவிப்பட்டை அடிப்பது எதற்கு என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அழகுக்கு என்றார்கள். தெறிக்கிற செம்மண் கறை அதில் தெரியாது என்பது பிறகு எனக்கே தெரிந்தது.

இவ்வளவுதான் வேலை. சொல்ல ஒரு பக்கம், செய்ய ஒரு வாரம். இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

அரசாங்கத்தின் கணக்கில் எங்கள் சுவருக்குப் பெயர் 'கச்சா'. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் மண் சுவர், சுடாத செங்கல் சுவர் எல்லாம் ஓலையோடும் பிளாஸ்டிக்கோடும் ஒரே பெட்டியில் இருக்கிறது. 2016-ல் வந்த பிரதமர் ஊரக வீட்டு வசதித் திட்டத்துக்கும் அதுதான் அடிப்படை. தமிழ்நாட்டில் 2024-ல் தொடங்கின கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 2030-க்குள் 8 லட்சம் வீடு என்று இலக்கு. நல்ல விஷயம். ஓலைக் குடிசையில் மழை ராத்திரி முழுக்க உட்கார்ந்தே விடிய வைத்தவர்களுக்கு அந்த வீட்டின் அருமை தெரியும். அதைக் குறை சொல்கிற உரிமை, பங்களாவில் இருந்துகொண்டு மண் வாசனையைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கும் கிடையாது, ஓட்டு வீட்டுத் திண்ணையில் இருந்து எழுதுகிற எனக்கும் கிடையாது.

என் வருத்தம் வேறு. ஒன்றரை அடி கனத்தில் கல் அடிவாரத்தோடு, மூணு தலைமுறையாக நிற்கிற சுவரையும், போன வருஷம் தட்டி மேல் மண் அப்பின சுவரையும் ஒரே சொல்லால் சொன்னால், நாளடைவில் வீட்டுக்காரனே அதை நம்பிவிடுகிறான். 'எப்படியும் இடிக்கப்போகிற சுவர்தானே' என்று இரண்டு வருஷம் சுண்ணாம்பு அடிக்காமல் விடுகிறான். மூணாவது மழையில் அது உண்மையிலேயே கச்சா ஆகிவிடுகிறது. புது வீடு வந்தவர்கள் பழைய வீட்டை இடிக்காமல் தானியம் வைக்கவும், கோடையில் படுக்கவும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள், பார்க்கிறேன். கான்கிரீட் வீட்டில் சித்திரை மதியம் இருக்க முடியவில்லை என்று பழைய வீட்டில்தான் தூங்குகிறார்கள். சாமை விதை இரண்டிலும் எங்கே நன்றாக இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் சுண்ணாம்பு மட்டும் அடிப்பதில்லை. தூங்க வேண்டும், கவனிக்க மனசில்லை.

'பக்கா' என்றால் பராமரிப்பே வேண்டாம் என்று நாம் எடுத்துக்கொண்டோம். அப்படி ஒரு வீடு உலகத்திலேயே கிடையாது. கான்கிரீட் மாடியில் தண்ணீர் தேங்கவிட்டுக் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்த வீடுகள் நகரத்தில் எத்தனை! ஆப்பிரிக்காவில் மாலி நாட்டில் ஜென்னே என்று ஓர் ஊர். அங்கே 1907-ல் கட்டின பெரிய மசூதி முழுக்க மண். அதன் சுவருக்கு ஊரே கூடி, திருவிழா மாதிரி, வருஷம் ஒரு தடவை மண் பூசுகிறது. 1988-ல் அந்த ஊரை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மண் அங்கேயும் மழைக்குக் கரையத்தான் செய்கிறது. கரைந்ததைத் திரும்பப் பூச ஆள் இருக்கிறது, அதுதான் வித்தியாசம். எங்கள் மலையில் கீழ்செப்பிலி பக்கம் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் இருக்கின்றன. யாரும் பூசவில்லை, அடிக்கவில்லை, இன்னும் நிற்கின்றன. ஆனால் அவை செத்தவர்களுக்குக் கட்டியவை. உயிரோடு இருப்பவர்கள் வீட்டுக்கு வேலை இருந்துகொண்டேதான் இருக்கும்.

அந்த வேலையை யார் செய்வது? இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

இடிந்த சமையல்கட்டைத் திரும்பக் கட்ட வேண்டும் என்றதும், மறுபடி மண்ணிலேயே கட்டலாம் என்று நான் ஆரம்பித்தேன். வேர்க்கிற சுவர், தாத்தா, கடுக்காய் எல்லாம் பேசினேன். வீட்டம்மா முறத்தில் புளி உடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் சொன்னார்:

"ஏங்க, இருபத்திரண்டு வருஷமா இந்தச் சுவருக்கு மண் மிதிச்சது யாரு? சாணி கரைச்சது யாரு? சுண்ணாம்பு பட்டுக் கை வெடிச்சு ஒரு வாரம் சோறு பிசைய முடியாம இருந்தது யாரு? நீங்க சுவரைப் பத்தி எழுதுறீங்க, நான் சுவரைப் பூசுறேன். எனக்குக் கான்கிரீட்டுதான் வேணும். மேல புளி காயப்போடுவேன்."

பதில் இல்லை என்னிடம். யோசித்துப் பார்த்தால் 2017-ல் சிமெண்ட் பூசினபோது அவர் ஏன் அவ்வளவு சந்தோஷப்பட்டார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. மண் வீடு அழகு, குளிர்ச்சி, இயற்கை என்று சொல்கிறபோது, அதற்குள் ஒரு பெண்ணின் மார்கழி மாதம் முழுக்கப் போகிறது என்பதை நாம் சொல்வதில்லை. ஏணி மேல் நின்று மட்டை பிடிப்பது ஆண், அதுவும் அரை நாள். மண் சலிப்பது, மிதிப்பது, தண்ணீர் சுமப்பது, ஒட்டுப்போடுவது, கடைசியில் தரையெல்லாம் சிந்தின சுண்ணாம்பைச் சுரண்டி மெழுகுவது எல்லாம் பெண். இந்த மலையில் மண் வீடு அழிகிறது என்றால், சிமெண்ட் கம்பெனி ஜெயித்தது மட்டும் காரணம் இல்லை. ஒரே ஆள் தலையில் கட்டின வேலையை அந்த ஆள் இறக்கி வைக்கிறார். நியாயம்தானே?

சமையல்கட்டைக் கான்கிரீட்டில்தான் கட்டினோம். பழைய சுவரோடு ஒட்டாமல் ஓரடி தள்ளித் தனியாக. புளி மேலே காய்கிறது. முன்கட்டும் திண்ணையும் மண்ணாகவே இருக்கும், ஆனால் அந்தச் சுவர் இனி என் பொறுப்பு என்று பேச்சு. மண் மிதிப்பதிலிருந்து தரை சுரண்டுவது வரை. போன பொங்கலுக்கு முதல் தடவையாக முழுசாக நான் செய்தேன். ஏழு நாள் ஆனது. கை வெடித்தது. சோறு பிசைய முடியவில்லை. வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை, கரண்டியை மட்டும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

ஆகவே நகரத்து நண்பர்களே, என் கருத்து இதுதான். மண் சுவர் கட்ட ஆசைப்பட்டால் கட்டுவதற்கு எவ்வளவு ஆகும் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள், வருஷா வருஷம் அதை யார் பூசப்போகிறார்கள் என்று கேளுங்கள். அந்த ஆளுக்குக் கூலி எவ்வளவு என்றும் கேளுங்கள். விடை இல்லையென்றால் கட்டாதீர்கள். மலையில் வார இறுதி வீடு கட்டிவிட்டு, மண் சுவர் மேல் பளபளவென்று வார்னிஷும் பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்து 'பராமரிப்பு தேவையில்லை' என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். சுவருக்குள் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியும், நான் பார்த்துவிட்டேன். ஊரில் பழைய வீடு இருந்தால், பூட்டை ஒரு அண்ணனிடம் கொடுத்து வைத்தால் மட்டும் போதாது. கார்த்திகை முடிந்ததும் ஒரு தடவை ஓடு பார்க்கவும் அடி பார்க்கவும் பணம் அனுப்புங்கள், முடிந்தால் நீங்களே வந்து மட்டையைப் பிடியுங்கள். அதிகாரிகளுக்கு ஒரு கோரிக்கை உண்டு. கூரை மாற்ற, அடிவாரம் கட்ட, சுண்ணாம்பு வாங்க என்று நல்ல மண் வீட்டுக்கும் ஒரு சின்னத் தொகை கொடுங்கள். எதையும் இடிக்காமலே சில குடும்பங்களுக்குப் பத்திரமான வீடு கிடைக்கும். மண் வீட்டு ஆண்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு மார்கழி மண் மிதித்துப் பாருங்கள், போதும்.

நேற்று டிரம்மில் சுண்ணாம்பு போட்டுவிட்டேன். கொதித்து அடங்கி, இப்போது மேலே தெளிந்த தண்ணீர் நிற்கிறது. திண்ணைச் சுவரில் அந்தத் தங்கச்சி துடைத்த இடத்தில் போன வாரம் மண் வைத்தேன், காய்ந்துவிட்டது. நாளைக் காலை முதல் கை அங்கேதான். பாப்பாவிடம் சொல்லுங்கள், யானை வரைய இடம் தயாராக இருக்கிறது.